ஃபைனல் ஃபேண்டசியில் எதிலிருந்து தொடங்குவது? மலையக வாசகர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஃபைனல் ஃபேண்டசி என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசையில் எதை முதலில் விளையாடுவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஒரு சாரார் ஒன்றாம் பாகத்திலிருந்து வரிசையாக வரவேண்டும் என்று நினைத்துத் தயங்குகிறார்கள். இன்னொரு சாரார் புதியதுதான் நல்லது என்று பதினாறாவதைத் தேடிப்போய், அதன் 170 ஜிபியைக் கண்டு மலைத்து நிற்கிறார்கள். இருவருமே எண்ணை மறந்துவிடலாம். 1987இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட முதலாவது தொடங்கி 2023இல் வந்த பதினாறாவது வரை, எண் போட்ட ஒவ்வொரு பாகமும் தனி உலகம், தனிக் கதை. சோகோபோ என்ற சவாரிப் பறவையும் இன்னும் சில பெயர்களும் திரும்பத் திரும்ப வரும். பத்தாவது புரிவதற்கு ஒன்பதாவது தேவையில்லை.

எது சிறந்தது என்ற சண்டை உலகம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. அது தீரப்போவதும் இல்லை. பொகவந்தலாவையிலோ மடுல்சீமையிலோ இருந்து கேட்பவருக்கு அந்தச் சண்டையால் பயனில்லை. இவை 40, 50 மணி நேரம் ஓடும் கதைகள். இங்கே இருக்கும் கரண்டையும் சிக்னலையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு எதைக் கடைசி வரை விளையாடி முடிக்கலாம் என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. நான் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது கரண்ட். பழைய ஜப்பானிய ஆட்டங்களில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது; அதற்கென்று வைத்திருக்கும் இடம் வரும் வரை போய்த்தான் ஆகவேண்டும். இடையில் கரண்ட் போனால் முக்கால் மணி நேர உழைப்பு வீண். 2022இல் ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை இருட்டில் கிடந்த நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததற்கு நுவரெலியாவிலும் விளக்கு அணைந்தது. இவையெல்லாம் இல்லாத சாதாரண ஆண்டிலும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி. இடி தொடங்கியதும் பிளக்கைக் கழற்றச் சொல்லி அம்மா சத்தம் போடுவார். அவர் சொல்வது சரியும்கூட. எனவே எங்கே, எப்படிச் சேமிக்கலாம் என்பது நமக்கு உயிர்நாடியான கேள்வி.

இரண்டாவது டேட்டா. நகரத்தில் ஃபைபர் இணைப்பு இருப்பவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தோட்டத்தில் இருப்பவருக்கு ரவுட்டரை ஜன்னலோரம் எந்தக் கோணத்தில் வைத்தால் சிக்னல் வரும் என்பதே ஒரு கலை. நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு நேர டேட்டாவில்தான் பெரிய பதிவிறக்கம் எதுவும் நடக்கும். 10 ஜிபி என்றால் ஓரிரு இரவில் முடிக்கலாம். 150 ஜிபி என்றால் மாதப் பொதியே போய்விடும்.

மூன்றாவது கையில் இருக்கும் கருவி. பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு ஃபோன். சிலரிடம் படிப்புக்காக வாங்கிய, தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினி. சில வீடுகளில் பழைய பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. மடிக்கணினிக்கும் ஃபோனுக்கும் பேட்டரி இருப்பதால் முதல் அளவுகோலில் அவை பாதி தப்பிவிடுகின்றன.

நான்காவது ஆங்கிலம். இந்த வரிசையில் எதுவும் தமிழில் வந்ததில்லை. ஆனால் எல்லாப் பாகத்தின் ஆங்கிலமும் ஒரே தரத்தில் இல்லை. பழையவற்றில் எழுத்து திரையில் நிற்கும். நீங்கள் பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்கும். பக்கத்தில் அகராதி வைத்துக்கூட வாசிக்கலாம். புதியவற்றில் பாத்திரங்கள் பேசிக்கொண்டே போவார்கள். கீழே ஓடும் வரியைப் பிடித்தால் உண்டு, விட்டால் இல்லை.

ஐந்தாவது பணம். விலைகள் டாலரில். டாலர் சுமார் 300 ரூபாய் என்று வைத்தால் 18 டாலர் ஆட்டம் 5,400 ரூபாய். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் அது நான்கு நாள் வேலை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே பேசுவோம்.

| பாகம் | வெளிவந்தது | எதில் விளையாடலாம் | பதிவிறக்கம் | சேமிப்பு | ஆங்கிலம் | முக்கியக் கதை |
|---|---|---|---|---|---|---|
| 6 (பிக்சல் ரீமாஸ்டர்) | 1994. புதுப்பித்தது 2022 | ஃபோன், சாதாரண மடிக்கணினி | ஓரிரு ஜிபி | ஏறக்குறைய எங்கும் | எளிது | 35–40 மணி நேரம் |
| 7 (பழையது) | 1997 | ஃபோன், சாதாரண மடிக்கணினி | சில ஜிபி | குறித்த இடங்களில் | எளிது, பிழைகளுடன் | 35–40 |
| 7 (மறு ஆக்கம், முதல் பகுதி) | 2020 | வலுவான கணினி, பிஎஸ்4, பிஎஸ்5 | 100 ஜிபி அளவு | தானாகவும் | நடுத்தரம் | 30–40 |
| 9 | 2000 | ஃபோன், சாதாரண மடிக்கணினி | 10 ஜிபிக்குள் | தானாகவும் | எளிது | சுமார் 40 |
| 10 | 2001 | பிஎஸ்2, மடிக்கணினி, பிஎஸ்4 | 40 ஜிபி அளவு | குறித்த இடங்களில் (சேமிப்புக் கோளங்கள்). கணினியில் தானாகவும் | நடுத்தரம், குரலுடன் | 45–50 |
| 12 | 2006. புதுப்பித்தது 2017 | கணினி, பிஎஸ்4 | 50 ஜிபி அளவு | குறித்த இடங்களில். தானாகவும் | கடினம் | சுமார் 60 |
| 14 | 2013 | கணினி, பிஎஸ்4, பிஎஸ்5 | 100 ஜிபிக்கு மேல் | இணையத்தில் | வாசிப்பு மிக அதிகம் | பல நூறு |
| 16 | 2023 | பிஎஸ்5, வலுவான கணினி | கணினியில் 170 ஜிபி | தானாகவும் | கடினம் | 35–40 |

## ஆறாவது: ஃபோன் மட்டும் இருப்பவருக்கு

பனி கொட்டுகிறது. மூன்று இயந்திரக் கவசங்கள் முதுகைக் காட்டியபடி, தொலைவில் மின்னும் சுரங்க நகரத்தை நோக்கி அசைந்து அசைந்து நடக்கின்றன. நோபுவோ உவெமட்சுவின் இசை மெல்ல ஏறுகிறது. 1994இன் சின்னஞ்சிறு புள்ளிப் படங்களால் ஆன காட்சிதான். ஆனாலும் மலைக்குளிர் தெரிந்தவருக்கு அந்த நடை உடனே ஒட்டிக்கொள்ளும். அந்த நகரத்தின் பெயர் நார்ஷ். மலையிடுக்கு, நிலக்கரி, நீராவி, தங்களை யார் ஆண்டாலும் தொல்லை தராமல் இருந்தால் போதும் என்று நினைக்கும் மக்கள்.

பதினான்கு பேரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவரைத் தனிக் கதாநாயகர் என்று சொல்ல முடியாது; ஒவ்வொருவருக்கும் ஒரு காயம், ஒரு திறமை. பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பிப்பு 2022இல் வந்தபோது, சண்டையும் கதைக் காட்சியும் நடக்காத நேரத்தில் எங்கு வேண்டுமானாலும் விரைவாகச் சேமிக்கும் வசதியைக் கொடுத்தார்கள். இடம் மாறும்போது தானாகவும் சேமிக்கிறது. கரண்ட் என்ற அளவுகோலில் இதை அடிக்க வேறெதுவும் இல்லை. பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயிலில் ஒன்பது பத்து மணி நேரம் உட்காரும் ஒருவர், ஹப்புத்தளை தாண்டுவதற்குள் நார்ஷ் சுரங்கத்தை முடித்துவிடலாம். (ஹப்புத்தளைக்கும் ஒஹியவுக்கும் இடையில் ஃபோனைப் பார்ப்பது பாவம் என்பது என் சொந்தக் கருத்து.)

மறைந்திருக்கும் செலவு பாதிக்கு மேல்தான் தெரியவரும். கதையின் நடுவில் ஒரு பெரிய சம்பவம் நடக்கிறது. என்னவென்று சொல்லமாட்டேன், யாராவது சொல்வதற்குள் விளையாடிவிடுங்கள். அதற்குப் பிறகு ஆட்டம் உங்களை அவிழ்த்துவிட்டுவிடும். எங்கே போவது, யாரைத் தேடுவது என்று கையைப் பிடித்துச் சொல்லாது. தொடர்ந்து விளையாடுபவருக்கு அது விருந்து. தவணைப் பரீட்சைக்காக ஒரு மாதம் நிறுத்திவிட்டுத் திரும்புபவர், யாரைச் சேர்த்தோம், யாரை இன்னும் தேடவில்லை என்பதெல்லாம் மறந்து அங்கேயே கைவிடுவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு கொப்பியில் குறித்துவைத்துக்கொண்டால் தப்பலாம்.

விலை கிட்டத்தட்ட 18 டாலர். அதுவும் அதிகம் என்பவர் இதே பிக்சல் வரிசையின் முதலாம் பாகத்தைச் சுமார் 12 டாலருக்கு வாங்கலாம். அது பதினைந்து இருபது மணி நேரத்தில் முடியும். கதை என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

## ஏழாவது: பழையதா, புதியதா

இந்த வரிசையில் உலகம் அதிகம் பேசியது இதைத்தான். மலையகத்தில் இருந்துகொண்டு விளையாடினால் அதில் ஒரு தனி உறைப்பு இருப்பதையும் சொல்லவேண்டும்.

கதையின் வில்லன் ஒரு மின்சாரக் கம்பனி. பெயர் ஷின்ரா. உலைகளைக் கட்டி, பூமியின் உயிர்ச்சாற்றை உறிஞ்சி மின்சாரம் செய்து விற்கிறது. இராணுவமும் நகரசபையும் அதன் பைக்குள். மிட்கார் என்ற அதன் தலைநகரில் வசதியானவர்கள் மேல்தட்டிலும் மற்றவர்கள் அந்தத் தட்டின் நிழலிலும் வாழ்கிறார்கள். கதாநாயகன் கிளவுட், மேலே உலையைச் சுமந்திருக்கும் ஒரு மலைக்கிராமத்துப் பையன். பெரிய ஆளாகித்தான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் பதினான்கு வயதில் நகரத்துக்குப் போகிறான். அங்கே என்ன ஆனான் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய் தீபாவளிக்குப் புதுச் சட்டையுடன் வந்து இறங்கும் பிள்ளைகளை அறிந்த ஊருக்கு இந்தப் பையனை விளக்க வேண்டியதில்லை.

உலைகளும் அப்படித்தான். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களையும், 2012இல் திறந்த 150 மெகாவாட் மேல் கொத்மலையையும் பார்த்துக்கொண்டே மெழுகுவர்த்தி தேடிய ஊர்கள் நம்முடையவை. செயின்ட் கிளேயர் அருவியில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்தவர்கள் ஷின்ராவின் உலை வற்றடித்த நிலத்தில் நடக்கும்போது கொஞ்சம் நின்று பார்ப்பார்கள். மேல் கொத்மலை ஜப்பானியக் கடனில் கட்டப்பட்டது என்பதும் நினைவுக்கு வரும். ஆட்டத்தை எழுதியவர்களுக்கு நம்மைத் தெரியாது, தற்செயல்தான். நான் அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இப்போது நடைமுறை. 1997இன் பழைய ஆட்டம் சில ஜிபிதான், ஃபோனிலும் கிடைக்கிறது. பாத்திரங்கள் கட்டைவிரல் பொம்மைகள் போல இருக்கும், ஆங்கிலத்தில் இலக்கணப் பிழைகள் உண்டு. அரை மணி நேரத்தில் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சேமிப்பு குறித்த இடங்களிலும், ஊருக்கு வெளியே உலக வரைபடத்திலும். மேசைக் கணினிக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்; மிட்காருக்குள் இருக்கும் முதல் சில மணி நேரத்தில் உலக வரைபடமே கிடையாது.

2020இன் மறு ஆக்கம் அழகில் வேறு உலகம். ஆனால் அதில் மறைந்திருக்கும் செலவு மூன்று மடங்கு. பழைய ஆட்டத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் முடியும் மிட்கார் பகுதியைத்தான் அதில் முப்பது நாற்பது மணி நேரமாக இழுத்திருக்கிறார்கள். தொடர்ச்சியை 2024இல் தனி ஆட்டமாக, இன்னும் 150 ஜிபி அளவில் விற்றார்கள். மூன்றாவதையும் தனியாகத்தான் வாங்கவேண்டும். அதைவிட முக்கியமானது: மறு ஆக்கம் பழைய கதையோடு விளையாட்டுக் காட்டுகிறது. பழையது தெரிந்தவருக்கு 'அட, இப்படி மாற்றிவிட்டார்களே' என்று இருக்கும். தெரியாதவருக்கு அந்த இடங்கள் வெறும் குழப்பம். எனவே வலுவான கணினி இருந்தாலும், ஃபைபர் இருந்தாலும், முதலில் பழையதை விளையாடுங்கள்.

## ஒன்பதாவது: வீட்டில் தம்பி தங்கை இருந்தால்

ஒரு நாடகக் குழு. நிஜத்தில் திருடர் கூட்டம். இளவரசியின் பிறந்தநாளில் அரண்மனை முன் நாடகம் போட்டபடியே அவளைக் கடத்துவது திட்டம். கடத்தப்போனால், 'என்னைக் கடத்திக்கொண்டு போங்கள்' என்று அவளே வந்து நிற்கிறாள். போலி டிக்கெட்டுடன் நாடகம் பார்க்க வந்த விவி என்ற குட்டி மந்திரவாதியும் மாட்டிக்கொள்கிறான். இப்படிச் சிரிக்கவைத்துக்கொண்டே தொடங்கி, சாவு என்றால் என்ன என்று அந்தக் குட்டி கேட்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், எழுத்து காத்திருக்கும். ஃபோன், கணினிப் பதிப்புகளில் தானியங்கிச் சேமிப்பும் வேகத்தைக் கூட்டும் வசதியும் இருக்கின்றன. வேகம் இதில் ஆடம்பரமில்லை, தேவை. பழைய பிளேஸ்டேஷனில் ஒரு சண்டை தொடங்குவதற்குள் தேநீரில் ஆடை படிந்துவிடும். பெர்மீசியா என்ற ஊரில் மழை நிற்பதே இல்லை; ஜூலை மாத நோர்வூட்காரர்களுக்குப் புதிதாக எதுவும் தோன்றாது.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் கொடுப்பேன். தனியாக விளையாடும் பெரியவருக்கு ஆறாவதா இதுவா என்றால் கை கொஞ்சம் ஆறாவதின் பக்கம் சாயும். சண்டையின் சலிப்பு அதில் குறைவு.

## பத்தாவது: பரீட்சைக்காக நிறுத்தி நிறுத்தி விளையாடுபவருக்கு

மடிக்கணினி இருக்கிறது, உயர்தரம் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றுதான் வாங்கமுடியும் என்று ஒருவர் கேட்டால், யோசிக்காமல் பத்தைச் சொல்வேன்.

முதல் காரணம், பாதை ஒரே கோடு. யூனா என்ற இளம்பெண் ஒரு யாத்திரை போகிறாள். கோயிலுக்குக் கோயில், ஊருக்கு ஊர், வழியில் ஆறும் காடும் பனிமலையும். மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தில் ஓர் அம்புக்குறி அடுத்து எங்கே என்று காட்டிக்கொண்டே இருக்கும். இது நேர்கோட்டு ஆட்டம், சுதந்திரம் இல்லை என்று விமர்சகர்கள் குறை சொல்வார்கள். இரண்டு மாதம் புத்தகத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவனுக்கு அந்தக் குறைதான் வரம். எங்கே விட்டோம் என்ற கேள்வியே எழாது. கால் தானாக நடக்கும்.

இரண்டாவது, சண்டை. நீங்கள் கட்டளை கொடுக்கும் வரை எதிரி அசையமாட்டான். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று திரையின் ஓரத்தில் பட்டியல் தெரியும். ஒரு மந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அது அந்தப் பட்டியலை எப்படி மாற்றும் என்று பார்க்கலாம். கூட்டத்தில் ஏழு பேர், களத்தில் மூவர், நடுவிலேயே ஆளை மாற்றலாம். பறக்கும் எதிரிக்கு வாக்கா, கல்லுப்போல் இறுகிய எதிரிக்கு ஆரோன், கூழ்போல் இருப்பதற்கு லூலு. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், யாரும் சாகமாட்டார்கள்.

மூன்றாவது, ஆங்கிலம். இந்த வரிசையில் முதன்முதலாகப் பாத்திரங்கள் குரல்கொடுத்துப் பேசியது இதில்தான். காதில் விழுவதையே கீழே வாசிக்கலாம் என்பதால் கேட்டும் பழகலாம். ஒரு முன்னெச்சரிக்கை: தொடக்கத்திலேயே கண்ணாடி போட்ட ஒரு கூட்டம் வந்து ஒன்றுமே புரியாமல் பேசும். உங்கள் ஆங்கிலத்தை நொந்துகொள்ள வேண்டாம். அது அல் பெட் என்ற கற்பனை மொழி; எழுத்துகளை மாற்றிப்போட்டுச் செய்தது. வழியில் கிடைக்கும் 26 ஏடுகளைச் சேர்க்கச் சேர்க்க எழுத்தெழுத்தாகப் புரியத் தொடங்கும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். கதைக் காட்சிகளைத் தாண்ட முடியாது. பெரிய சண்டைகளுக்கு முன் சேமிப்புக் கோளம் இருக்கும். அதற்கும் சண்டைக்கும் நடுவில் நீளமாக ஒரு காட்சி ஓடும். தோற்றால் அந்தக் காட்சியை மறுபடியும் முழுதாகப் பார்க்கவேண்டும். ககாஸட் மலையேற்றத்தில் வரும் சண்டையில் இதை அனுபவிக்காதவர் குறைவு. கரண்ட் போனாலும் இதே தண்டனை. கணினிப் பதிப்பில் தானியங்கிச் சேமிப்பு, வேகம் கூட்டுதல், வழியில் எதிரிகள் வராமல் நிறுத்துதல் ஆகியவற்றைச் சேர்த்திருப்பதால் பாதி வலி தீர்கிறது. அதே தொகுப்பில் பத்தின் தொடர்ச்சியும் சேர்ந்தே வருகிறது. 40 ஜிபி என்பது இரண்டுக்கும் சேர்த்துத்தான். தொடர்ச்சியை விளையாட வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்று, இடிச் சமவெளி. அங்கே நடக்கும்போது மின்னல் விழும். கண நேரத்தில் பொத்தானை அழுத்தித் தப்பவேண்டும். தொடர்ந்து 200 தடவை தப்பினால் லூலுவின் ஆயுதத்துக்குரிய ஒரு பொருள் கிடைக்கும். கதையை முடிக்க இது தேவையே இல்லை. வெளியே நிஜமான இடி விழும் பின்னேரத்தில் இதை முயல்பவரை நான் தடுக்கப்போவதில்லை, ஆனால் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவருக்குத் தனியாக ஒரு சொல். இயந்திரம் மலிவு, பதிவிறக்கம் பூச்சியம். ஆனால் நகரத்துக் கடைகளில் பிளாஸ்டிக் உறையில் விற்கும் நகல் டிஸ்க்கை நம்பி ஐம்பது மணி நேரக் கதையைத் தொடங்காதீர்கள். எனக்கு ஒரு கடையில் கொடுத்த டிஸ்க், கதை மக்கலானியா ஏரிக்கு வந்ததும் உறைந்து நின்றது. மாற்றிக் கேட்டபோது 'லென்ஸ் சரியில்லை' என்றார்கள். லென்ஸும் சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்பது வேறு விஷயம்: நம் ஈரத்தில் டிஸ்க்கிலும் லென்ஸிலும் பூஞ்சணம் படிகிறது. அசல் டிஸ்க்கும் அசல் மெமரி கார்டும் கிடைத்தால் மட்டும் இந்த வழி.

## பன்னிரண்டாவது: கணக்குப் போடப் பிடித்தவருக்கு

இதில் கூட்டாளிகளுக்கு முன்கூட்டியே கட்டளைகளை அடுக்கிவைக்கலாம்: ஒருவரின் உயிர் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் குணமாக்கு, எதிரி பறந்தால் அம்பு எய், மந்திரம் தீர்ந்தால் கையால் அடி. கேம்பிட் என்று பெயர். சரியாக அடுக்கிவிட்டால் நீங்கள் வெறுமனே நடந்தால் போதும், சண்டை தானாக நடக்கும். கணினிப் படிப்பில் நாட்டமுள்ளவர்கள் இதில் மணிக்கணக்காக மூழ்குவதைப் பார்த்திருக்கிறேன். 2017இன் புதுப்பிப்பில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகமும் உண்டு.

செலவு ஆங்கிலத்தில். அரச சூழ்ச்சிக் கதை. பாத்திரங்கள் பழங்கால நடையில் பேசுகிறார்கள். வசனம் அழகு, ஆனால் சாதாரண தர ஆங்கிலத்தோடு முதல் முயற்சியாக இதைத் தொட்டால் யார் எந்த நாட்டுப் பக்கம் என்பதே இருபதாவது மணி நேரத்தில்தான் தெளியும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ விளையாட வேண்டியது.

## பதினான்காவது: இலவசம் என்பதன் விலை

இது இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து விளையாடுவது. இலவச முயற்சிப் பதிப்புக்கு நாள் கணக்கு கிடையாது. 70ஆம் நிலை வரை, இரண்டு பெரிய விரிவாக்கங்கள் சேர்த்து, ஒரு சதம் கொடுக்காமல் விளையாடலாம். பணம் என்ற அளவுகோல் மட்டும் இருந்தால் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன்.

மற்ற நான்கிலும் இது இடறுகிறது. பதிவிறக்கம் 100 ஜிபிக்கு மேல். அதற்குப் பிறகும் அவ்வப்போது புதுப்பிப்புகள். விளையாடும்போது டேட்டா அதிகம் தின்னாது, ஆனால் இணைப்பு அறுந்தால் ஆட்டமே அறுந்தது. சர்வர்கள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா ஆகிய இடங்களில்தான். நமக்கு எதுவும் பக்கத்தில் இல்லை. எட்டுப் பேர் சேர்ந்து பெரிய எதிரியோடு மோதும்போது மழையில் சிக்னல் போனால் மற்ற ஏழு பேரும் உங்களைத் திட்டுவார்கள், அதுவும் உங்களுக்குக் கேட்காது. கட்டணப் பதிப்புக்கு ஒருமுறை மாறினால் அந்தக் கணக்கை மறுபடி இலவசமாக்க முடியாது. பிறகு மாதாமாதம் டாலர்தான். நகரத்தில் ஃபைபர், நல்ல கணினி, அவசரமில்லாத மாலைகள் உள்ள நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. மற்றவர்கள் தள்ளிவைக்கலாம்.

## பதினாறாவது, மற்றவை

பதினாறாவது வயதுவந்தோருக்கானது; இரத்தமும் வசையும் உண்டு. முகத்தில் பச்சை குத்தப்பட்டு, பிறவியிலேயே உழைப்புக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் விடுதலைதான் கதையின் நரம்பு என்பதால் நம் வாசகர்களுக்கு அதைச் சிபாரிசு செய்ய ஆசைதான். காட்சியை நிறுத்திவிட்டு, திரையில் இருப்பவர் யார், எந்த நாடு என்று அங்கேயே வாசிக்கும் வசதி ஆங்கிலத்துக்கும் உதவும். ஆனால் பிஎஸ்5 வேண்டும், அல்லது விலையுயர்ந்த கணினியும் அதில் 170 ஜிபி இடமும். அவை ஏற்கெனவே இருந்தால் விளையாடுங்கள், இதற்காக வாங்காதீர்கள்.

பதினைந்தாவதில் நான்கு நண்பர்கள் காரில் ஊர் சுற்றுவது இனிமை. கதையின் முக்கியத் துண்டுகளை ஒரு திரைப்படத்திலும் அனிமேயிலும் பின்னால் விற்ற கூடுதல் பகுதிகளிலும் சிதறவிட்டிருக்கிறார்கள். 100 ஜிபி செலவழித்தும் முழுக்கதை கைக்கு வராது. பதின்மூன்றாவது நேராக நீளும் 60 ஜிபி நடைபாதை. எட்டாவதை விரும்புபவர்கள் வெறியோடு விரும்புகிறார்கள். நீங்கள் வளர வளர எதிரியும் வளரும் அதன் கணக்கு முதல்முறை விளையாடுபவரைத் தண்டிக்கும்.

## வாங்கும்போது

கணினியில் வாங்குவதானால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பருவகால விலைகுறைப்பு வரும் வரை பொறுங்கள். டிசம்பர் விடுமுறையை ஒட்டி ஒன்று நிச்சயம் வரும். கொழும்பில் ஃபைபர் உள்ள அண்ணனோ அக்காவோ அதே ஆட்டத்தை வைத்திருந்தால், ஸ்டீமிலேயே உள்ள காப்புப்பிரதி வசதியால் அதை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துப் பண்டிகைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். உங்கள் கணக்கிலும் அந்த ஆட்டத்தை வாங்கியிருந்தால், கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு ஓடத் தொடங்கும். 40 ஜிபி மிச்சம். ஒருமுறை இணைப்பில் உள்நுழைந்த பிறகு ஸ்டீமை இணையமில்லாத நிலையில் வைத்தும் விளையாடலாம்.

உங்கள் மடிக்கணினி தாங்குமா என்ற சந்தேகத்துக்கும் வழி இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பத்தாவதில் இரண்டு மணி நேரம் என்பது ஏறக்குறைய பெசாய்ட் தீவின் கோயில் வரை. அதற்குள் படம் இழுத்து இழுத்து ஓடினாலோ, யூனாவின் பயணம் உங்களை இழுக்காவிட்டாலோ, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திவிட்டுப் பணத்தை வாங்கி ஆறாவதில் போடுங்கள்.